டிரஸ்ஸர் காருக்கு அறுபத்தைந்து விளக்கு

இப்போது எல்.இ.டி. விளக்கைச் சுருளாக விற்கிறார்கள். வேண்டிய நீளத்துக்கு வெட்டி, பின்பக்கத் தாளை உரித்து ஒட்டினால் முடிந்தது. புக்கிட் பெருந்துங்கில் நான் கடைசியாக வேலை செய்த கடைக்குப் போன மாதம் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். ஒரு காரின் கூரை முழுக்க நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாய் சும்மா இருக்காமல், எண்பதுகளிலேயே நாங்கள் காருக்கு எல்.இ.டி. போட்டோம், ஒவ்வொன்றாகக் கையால் பற்றவைத்தோம் என்று சொல்லிவிட்டேன். வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அப்போது எல்.இ.டி.யே கிடையாது என்றார் ஒருவர். இன்னொருவர் கைப்பேசியில் தேடிப் பார்த்து, இருந்திருக்கிறது, ஆனால் ரேடியோவிலும் கால்குலேட்டரிலும்தான் இருந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். எழுதிக் கொடுங்கள் அண்ணே, படித்துவிட்டு நம்பலாமா என்று பார்க்கிறோம் என்றார் ஃபோர்மன்.

அன்றிலிருந்து எனக்கு அதே கவலை. பொய் சொன்னவன் என்று பேர் எடுத்துவிட்டு ஓய்வில் உட்கார முடியுமா? ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது. மூன்று தடவை சரிபார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் மூன்று தடவை சரிபார்ப்பதுதான் என் சுபாவம். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறிய பிறகு நாலாவது தடவையாக மனதுக்குள்ளேயே இழுத்துப் பார்ப்பேன். தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போ என்று வீட்டில் சொன்னபோது, பாம்பு, அட்டை, இடி, வேலை வாங்குகிற மண்டோர் என்று வரிசையாகப் பயந்தேன். சரி, இவன் தோட்டத்துக்கு ஆக மாட்டான் என்று கோலசிலாங்கூர் பட்டணத்தில் ஒரு கார் வயரிங் கடையில் சேர்த்துவிட்டார்கள். முதல் வருடம் பேட்டரி முனையைச் சுரண்டினேன். இரண்டாம் வருடம் கம்பி உரித்தேன். மூன்றாம் வருடம் ஈயம் பற்றவைக்கக் கொடுத்தார்கள். படிப்பு அவ்வளவுதான்.

கடை முதலாளி ஆ செங். நாங்கள் தௌக்கே என்போம். தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்த வீட்டில் பிறந்தவர். லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார், திட்டும்போது எங்களைவிட நன்றாகப் பேசுவார். பனியனும் அரைக்கால் சட்டையும், மூக்கு நுனியில் கண்ணாடியும்தான் எப்போதும். ஒரு வேலை முடிந்ததும் நாங்களாகப் பேட்டரியில் மாட்டிவிட முடியாது. அவரைக் கூப்பிட வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். குனிந்து, தொடாமல், நாம் பற்றவைத்த ஒவ்வோர் இடத்தையும் மோந்து பார்ப்பார். பிறகு நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எங்க வேகும்?"

இதில் கோளாறு வந்தால் முதலில் எந்த இடம் தீயும் என்று அர்த்தம். எங்கேயும் வேகாது தௌக்கே என்று யாராவது மார்தட்டினால், சரி என்று சொல்லிவிட்டுக் காப்பிக் கடைக்குப் போய்விடுவார். அந்த ஆள் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு பியூஸும் போட்டுவிட்டு, தேடிக்கொண்டு போகும்வரை திரும்ப மாட்டார். மற்றவர்களுக்கு இந்தக் கேள்வி வேப்பங்காய். எனக்கோ திருவிழா. முதல் தடவை என்னிடம் கேட்டபோது பதினொரு இடம் சொன்னேன். ஒன்று விடாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ பயந்தாங்கொள்ளிலா. கரண்டு வேலைக்குப் பயந்தாங்கொள்ளிதான் வேணும். தைரியசாலிங்க எல்லாம் கடையக் கொளுத்திட்டுப் போயிருவானுங்க."

என் பயத்துக்கு மரியாதை கொடுத்த முதல் மனிதர் அவர்தான். அதன் பிறகு அந்தக் கடையை விட்டு நான் ஏன் அசையப் போகிறேன்.

இனி டிரஸ்ஸர் விஷயம். பக்கத்துத் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டவர் குப்புசாமி. காய்ச்சல், வெட்டுக்காயம், பிரசவம் எல்லாம் அவர் கையில்தான். டிரஸ்ஸர் என்றால் தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணிக்குக்கூட ஒரு பயம் உண்டு, ஊசி அவர் பையில் இருக்கிறதே. பால் நிறத்தில் ஒரு பழைய நாலு கதவு கார் வைத்திருந்தார். தோட்டத்துச் செம்மண் சாலை அந்தக் காரை ஆட்டுகிற ஆட்டத்தில் பின்பக்கத்து பிரேக் பல்புகளின் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி மாதத்துக்கு ஒரு தடவை அறுந்துவிடும். அறுந்தது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பின்னால் வருகிறவனுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் பாசிர் பெனம்பாங்கில் உயிர் நண்டு வாங்கிக்கொண்டு டிரஸ்ஸரும் அவர் மனைவியும் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு முச்சந்தியில் டிரஸ்ஸர் பிரேக் பிடித்திருக்கிறார். இரண்டு பல்பும் செத்துக் கிடந்ததால், பின்னால் செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரிக்குத் தெரியவில்லை. லோரி மெதுவாகத்தான் இடித்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் டிரஸ்ஸரம்மா மடியில் இருந்த நண்டுப் பை கிழிந்துவிட்டது. பதினாலு நண்டும் கார் முழுக்கப் பரவி, ஒன்று அவர் கொண்டையில் ஏறிவிட்டது. வண்டியை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தபோது பதின்மூன்றைத்தான் பிடித்திருந்தார்கள். மிச்சம் ஒன்றை மூன்றாம் நாள் தௌக்கே மூக்கால் கண்டுபிடித்தார்.

அன்றோடு டிரஸ்ஸரம்மா அந்தக் காரில் ஏறுவதை நிறுத்திவிட்டார். காய்கறி வாங்கப் பாசாருக்கு பஸ். கோயிலுக்கு பஸ். அவரைத் தனியாக விட மனமில்லாமல் டிரஸ்ஸர் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போவார். பஸ் நின்றால் இவரும் நிற்பார். கோலசிலாங்கூரில் இது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

பிறகு மகள் கலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பாகான் நக்கோடா ஓமார் பக்கத்து வாத்தியார். கல்யாணம் பட்டணத்துக் கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில். டிரஸ்ஸர் கடைக்கு வந்து, தௌக்கே கொடுத்த முக்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். மணப்பெண் இறங்கும்போது அம்மாவும் அதே காரிலிருந்து தாம்பாளத்தோடு இறங்க வேண்டும். அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினால் சம்பந்தி வீட்டார் ஆயுசுக்கும் சிரிப்பார்கள்.

"தௌக்கே, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அன்னைக்கு ஒரு நாள் சரோஜா இந்தக் காருல ஏறணும். அறுந்து போகாத பிரேக் லைட்டு ஒண்ணு வேணும். உன்னால முடியுமா முடியாதா?"

தௌக்கே என்னைப் பார்த்தார். காரணம் இருந்தது. பழுதான கேசட் டெக்குகளில் இருந்த சின்னச் சின்னச் சிவப்பு எல்.இ.டி.களைக் கழற்றி ஒரு டப்பியில் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றுக்குள் அறுந்துபோகக் கம்பியே இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அவற்றின் மேல் ஒரு பாசம். கவலையில்லாத விளக்கு என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்று.

அந்தக் கால எல்.இ.டி.யில் வெள்ளையும் கிடையாது, நீலமும் கிடையாது. சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்றுதான் எங்கள் கைக்குக் கிடைக்கும். அவை வேறொன்றுக்கு வெளிச்சம் காட்டாது, தான் எரிவதை மட்டும் காட்டும். ஒன்று போதாது, அறுபது வேண்டும் என்று கணக்குப் போட்டேன். கோலாலம்பூர் போய்ப் பாசார் ரோட்டுக் கடைகளில் புதிதாக வந்திருந்த, கொஞ்சம் பிரகாசமான சிவப்பாகப் பார்த்து எண்பது வாங்கினேன். இருபது, என் பயத்துக்கு. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பொட்டலத்தின் மேல் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று, உட்கார இடம் இருந்தும் ரவாங் வரை நின்றுகொண்டே வந்தேன்.

செய்த விதத்தைச் சொல்கிறேன், ஃபோர்மன் கவனமாகப் படிக்கவும். கார் ஓடும்போது பேட்டரி பதினாலு வோல்ட் வரை கொடுக்கும். ஒரு சிவப்பு எல்.இ.டி.க்கு இரண்டு வோல்ட்கூட வேண்டாம். நேராக மாட்டினால் டப் என்று போய்விடும். அதனால் பூச்சரம் கட்டுவது மாதிரி ஐந்தைந்தாகக் கோத்தேன். ஒவ்வொரு சரத்துக்கும் ஒரு ரெசிஸ்டர். அப்படிப் பன்னிரண்டு சரம். ஒன்று செத்தால் அந்தச் சரம் ஐந்தும்தான் அணையும், மற்ற ஐம்பத்தைந்தும் எரியும். தச்சரிடம் வாங்கிய ஃபார்மிகா துண்டில் கை டிரில்லால் அறுபது ஓட்டை போட்டு, நீளக்கால் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செருகினேன். அறுபதிலும் சரியாக ஒன்றைத் திருப்பிச் செருகியிருந்தேன். எதை என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. அந்த அரை நாளும் எனக்கு வியர்த்த வியர்வையைப் பார்த்து டிரஸ்ஸர் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

காரின் பிரேக் சுவிட்சு கிழடாகிவிட்டது, அதன் தலையில் இன்னும் பாரம் ஏற்றாதே என்றார் தௌக்கே. அதனால் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்தேன். அதை ஒரு வாசல்காரன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் கரண்டு எந்நேரமும் வாசலில் காத்து நிற்கும். பிரேக்கை மிதித்தால் அந்தக் கம்பியிலிருந்து ஒரு சின்ன சைகை வரும். உடனே வாசல்காரன் கதவைத் திறப்பான், அறுபதும் எரியும். காலை எடுத்தால் மூடிவிடுவான். மிக நல்ல வாசல்காரன். ஒரே ஒரு குறை, சைகை யாரிடமிருந்து வந்தது என்று கேட்க மாட்டான்.

வெயில்தான் அடுத்த எதிரி. கடைக்குள்ளே திருவிழா மாதிரி எரிந்தது வெளியே கொண்டுபோனதும் காணாமல் போனது. தௌக்கே நெற்றியில் கை வைத்து மறைத்துப் பார்த்துவிட்டு, "இது விளக்கு இல்லலா, பொட்டு" என்றார். சதுர பிஸ்கட் டின் ஒன்றை வெட்டி, உள்ளே கறுப்பு அடித்து, விளக்குகளை அதன் அடியில் தள்ளி வைத்தேன். நிழலுக்குள்ளிருந்து எரிந்ததும் பகலிலும் பளிச்சென்று தெரிந்தது. பின் கண்ணாடிக்கு உள்ளே, தட்டின் மேல் டின்னைப் பொருத்தினேன். காருக்கு உள்பக்கம் பார்த்த முதுகில் பற்றவைத்த இடமெல்லாம் வெறுமையாக இருந்ததால், சைக்கிள் டியூபை வெட்டி ஒரு மூடி போட்டேன். மோந்து பார்த்துவிட்டு தௌக்கே வழக்கமான கேள்வியைக் கேட்டார். பதினேழு இடம் சொன்னேன். அத்தனைக்கும் பியூஸோ டேப்போ ரப்பரோ போட்டிருந்தேன். அன்று அவர் காப்பிக் கடைக்குத் தனியாகப் போகவில்லை, என்னையும் கூட்டிப் போனார்.

இனி டிரஸ்ஸரம்மா பார்த்துச் சம்மதிக்க வேண்டும். பஸ்ஸில்தான் வந்தார், நடு மத்தியானத்தில், குடை பிடித்துக்கொண்டு. காருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்றார். டிரஸ்ஸர் மிதித்தார், விளக்கு எரிந்தது. இருபதடி போனார். சாலையைக் கடந்து எதிர்க்கடை வாசலுக்கே போய் நின்று, கையைக் காட்டி மிதிக்கச் சொன்னார். திரும்பி வந்து, டின் அருகில் குனிந்து அறுபதையும் எண்ணினார். மூன்றாவது வரிசையில் நாலாவது கொஞ்சம் மங்கல் என்றார். உண்மைதான். என்னைவிடப் பயந்த ஒருவரை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தேன்.

பிறகு அவர் கேட்டார்: "இங்க நின்னு பாக்குறப்ப எரியுது. நான் முன் சீட்டுல உக்காந்திருக்கேன். எரியுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டிரஸ்ஸர் வானத்தைப் பார்த்தார். நான் எதையும் யோசிக்காமல், முன்னாலும் ஐந்து விளக்கு வைக்கிறேன் அம்மா, பின்னால் எரிந்தால்தான் அதுவும் எரியும் என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் நான் யோசிக்காமல் பேசியது அது ஒன்றுதான். அதே வாசல்காரனிடமிருந்து ஒரு கம்பியை விரிப்புக்கு அடியில் முன்னால் கொண்டுவந்து, டேஷ்போர்டில் அவர் கண்ணுக்கு நேராக ஐந்தை வரிசையாகப் பதித்தேன். அம்மா கதவுக்கு வெளியே நின்றபடியே தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விட்டேன். டிரஸ்ஸர் என்னையும் காரில் வரச் சொல்லியிருந்தார், வழியில் ஏதாவது ஆனால் என்று. வேட்டிக்குள் டெஸ்டர், சட்டைப் பையில் நாலு பியூஸ். பிரேக்கை ஐம்பது தடவை மிதித்துப் பார்த்தேன். எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்தால்தான் எனக்குப் பயம் அதிகமாகும். இன்னும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டோம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

புறப்படும் முன் காருக்குப் பூசை. சக்கரத்தடியில் எலுமிச்சை, முன்னால் கற்பூரம், பொட்டு, பூ. டிரஸ்ஸரின் அக்கா, கலாவின் அத்தை, மாவிலையால் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே காரைச் சுற்றி வந்தார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. காருக்குப் பூசை ஆகிறது, சரி. விளக்குக்கு? அதுதானே புதுசு? அதற்கு மட்டும் ஆசீர்வாதம் இல்லாமல் போனால்? பின் கதவைத் திறந்து, தண்ணீர் நன்றாகப் படட்டும் என்று அந்த ரப்பர் மூடியையும் நானே என் கையால் உரித்துவிட்டு, அத்தை இங்கேயும் என்றேன். நல்ல மனுஷி அவர். மூன்று தடவை இலையால் தெளித்துவிட்டு, சொம்பில் மிச்சம் இருந்ததையும் சேர்த்து ஊற்றினார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, மூடியைத் திரும்பப் பத்திரமாகப் போட்டேன்.

பதினேழு இடம் சொன்னவன் நான்.

டிரஸ்ஸரம்மா பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்து, வலது காலை வைத்து, முன் சீட்டில் ஏறினார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. தோட்டத்துச் சனம் கைதட்டியது. பின் சீட்டில் மணப்பெண் கலா, நடுவில் அத்தை, ஓரத்தில் நான். எங்களுக்குப் பின்னால் பெஞ்சு போட்ட தோட்டத்து லோரி ஒன்று, சொந்தபந்தம் நிறைய.

செம்மண் சாலை முடிந்து தார்ச் சாலையில் ஏறினோம். அரை மைல்கூடப் போகவில்லை.

"என்னாங்க, பிரேக் புடிச்சிருக்கீங்களா?"

"இல்லையே."

"அப்ப இது ஏன் எரியுது?"

எட்டிப் பார்த்தேன். டேஷ்போர்டில் ஐந்தும் எரிந்துகொண்டிருந்தன. கொஞ்சம் மங்கின, கொஞ்சம் துடித்தன, ஆனால் அணையவில்லை. டிரஸ்ஸர் மிதித்துப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார். அவை பாட்டுக்கு எரிந்தன. காரை ஓரம் கட்டினார். பின்னால் லோரியும் நின்றது. அம்மா கதவைத் திறந்து இறங்கி, சாலை ஓரத்தில் போய் நின்று, பஸ் வரும் திசையைப் பார்க்க ஆரம்பித்தார். தஞ்சோங் காராங்கிலிருந்து வரும் பஸ்ஸுக்கு அதுதான் நேரம்.

நான் பின் சீட்டில் முட்டிபோட்டு மூடியைத் திறந்தேன். மஞ்சள் குளம். வாசல்காரனின் மூன்று காலும் அதில் நனைந்து நின்றன. தண்ணீர் வழியாகக் கசிந்த கரண்டை அவன் பிரேக் சைகை என்று நம்பி, கதவைத் திறந்து வைத்திருக்கிறான். கோளாறு என்ன என்று தெரிந்ததும் எனக்குப் போன உயிர் பாதி வந்தது. அதைச் செய்தது யார் என்று தெரிந்ததும் வந்த பாதியும் போனது.

வெறும் துணியால் துடைத்தால் போகாது, ஈரம் சந்துகளில் தங்கிவிடும். சட்டென்று ஆவியாகிற ஏதாவது வேண்டும். "ஐயா, ஊசி போடுறதுக்கு முன்னால தொடைப்பீங்களே, அந்த ஸ்பிரிட்டு இருக்கா?" என்றேன். மகள் கல்யாணத்துக்கும் மருந்துப் பை இல்லாமல் டிரஸ்ஸர் கிளம்புவாரா? காரின் பின்பெட்டியிலிருந்து பை வந்தது, பஞ்சு வந்தது. முதலில் பியூஸைப் பிடுங்கினேன். பக்கத்தில் யாரும் கற்பூரம், பீடி பற்றவைக்கக் கூடாது என்று லோரி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். லோரிக்காரர்கள் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு மாமா, மருந்துப் பை வந்துவிட்டதால் விளக்குக்கு ஊசி போடப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் அறிவித்தார். ஸ்பிரிட்டால் கழுவினேன், பஞ்சால் ஒற்றினேன், பிறகு ஊதினேன். என் மூச்சு போதவில்லை. மணப்பெண் மாலையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு அவளும் ஊதினாள். செய்த பாவத்துக்கு அத்தையும் ஊதினார். ஊதிக்கொண்டிருக்கும்போதே கலாவுக்குச் சிரிப்பு வந்து, அது அத்தைக்குத் தொற்றி, மூச்சைவிடச் சிரிப்புதான் விளக்கின் மேல் அதிகம் பட்டது.

பஸ் வந்துவிட்டது. பழகிய ஓட்டுநர். அம்மா கை காட்டுமுன்பே நிறுத்திவிட்டார்.

நான் கையில் மஞ்சள் பஞ்சோடு இறங்கி ஓடினேன். "அம்மா, தப்பு என்னோடது. வெளக்கு கெட்டுப் போகல. ஆசீர்வாதம் படட்டும்னு நான்தான் மூடியத் தொறந்து தண்ணி ஊத்தச் சொன்னேன்."

"நீயா சொன்ன?"

"பயத்துலம்மா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் ஏறுங்க அக்கா என்றார். அம்மா காரைத் திரும்பிப் பார்த்து, தனக்குத்தானே கணக்குப் போடுகிற மாதிரி பேசினார். "எரியாமப் போயிருந்தா நான் பயப்படணும். இது புடிக்காத பிரேக்குக்கும் சேத்து எரிஞ்சிருக்கு. பின்னால வர்றவன் இன்னும் தள்ளித்தானே வருவான்?" பிறகு பஸ்ஸைப் பார்த்து, நீ போ தம்பி என்று கையை அசைத்தார்.

பியூஸைப் போட்டேன். டிரஸ்ஸர் மிதித்தார், எரிந்தது. எடுத்தார், அணைந்தது. அம்மா ஏறினார். அதற்குப் பிறகு கோலசிலாங்கூர் வரை நடந்ததைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். இருநூறு கஜத்துக்கு ஒரு தடவை, "லேசா ஒரு தடவ புடிங்க" என்பார். டிரஸ்ஸர் பிடிப்பார். ஐந்து விளக்கும் எரியும். பின்னால் லோரியும் பிரேக் போடும். பெஞ்சில் இருந்த சனம் மொத்தமாக முன்னால் சாயும், பிறகு பின்னால் சாயும். மூன்றாவது தடவையிலிருந்து அவர்கள் அதற்கு ஒரு ராகம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அம்மா கழுத்தைத் திருப்பி, லோரி எவ்வளவு தள்ளி வருகிறது என்று பார்த்துவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்தார். டிரஸ்ஸரும் நாலைந்து தடவை கேட்காமலே பிடித்தார். மண்டப வாசலில் அம்மா தாம்பாளத்தோடு இறங்கியபோது சம்பந்தியம்மா என்ன இவ்வளவு நேரம் என்று கேட்டார். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி வந்தோம் என்று சிரித்துக்கொண்டே அம்மா உள்ளே போய்விட்டார்.

தாலி ஏறியது. சாப்பாடு முடிந்தது. தௌக்கே பாத்திக் சட்டையில் வந்து, வாழை இலையில் மூன்று தடவை ரசம் கேட்டு வாங்கினார். பிற்பகலில் பெண்ணை அனுப்பும் நேரம். மாப்பிள்ளையின் கார் பூவெல்லாம் சுற்றி வாசலில் நின்றது. அழுகை ஆரம்பிக்க வேண்டிய இடம். ஆனால் டிரஸ்ஸரம்மா அழவில்லை. நேராக அந்தக் காருக்குப் பின்னால் போய் நின்று, பிரேக்கை மிதிக்கச் சொன்னார்.

இரண்டு பல்பில் ஒன்று எரியவில்லை.

"பாகான் நக்கோடா ஓமார் வரைக்கும் நெல்லு லோரியும் மீன் லோரியும் ஓடுற ரோடு," என்றார். "எம்பொண்ணு இதுல ஏற மாட்டா."

சம்பந்தி வீட்டில் ஒரு சலசலப்பு. நல்ல நேரம் போகிறது என்றார் ஒருவர். ஒரு பல்புதானே, மாற்றிவிடலாம் என்றார் மாப்பிள்ளை. மாற்றலாம், மறுபடியும் அறுந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டார் அம்மா. அம்மா என் பக்கம் திரும்பினார்.

"சேகரு, நம்ம காருல இருக்கறதக் கழட்டி இதுல மாட்டு. முன்னால இருக்கற அஞ்சையும் சேத்து. அவ கண்ணுக்கு நேரா வை."

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். தௌக்கே பாத்திக் சட்டையைக் கழற்றி டிரஸ்ஸர் தோளில் போட்டுவிட்டு, பனியனோடு மாப்பிள்ளை காரின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். மாப்பிள்ளை பட்டு வேட்டியில் மண்டியிட்டு பிஸ்கட் டின்னைப் பிடித்துக்கொண்டார். கலா ஒவ்வொரு திருகாணியாக எடுத்துக் கொடுத்தாள். நாதஸ்வரக்காரர்கள் கிளம்புவதா இருப்பதா என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று வாசித்துக்கொண்டே இருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் தௌக்கே எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டி, குனிந்து மோந்து பார்த்தார். மல்லிகைப்பூ வாசனையில் ஒன்றும் தெரியவில்லை என்று எரிச்சல்பட்டார். தன் கேள்வியைக் கேட்டார். நான் சொன்னேன், "தண்ணி பட்டா வேகும் தௌக்கே." சம்பந்தியம்மா கையில் ஆரத்தித் தட்டு தயாராக இருந்தது. தௌக்கே அதைப் பணிவாகத் தடுத்து, காரின் முன்பக்கம் மட்டும் காட்டச் சொன்னார்.

கார் கிளம்பியது. சந்தியில் திரும்பும்போது பின் கண்ணாடியில் அறுபதும் ஒன்றாகச் சிவந்தன. அம்மா அதைப் பார்த்த பிறகுதான் அழுதார். பக்கத்தில் நின்ற எனக்கும் வந்துவிட்டது. நாலாவது வரிசை ஒரு நொடி தாமதமாக எரிந்த மாதிரி இருந்தது, அதுதான்.

இனி நாங்கள் வீடு திரும்ப வேண்டும். எங்கள் காரின் பின்தட்டில் நாலு ஓட்டை. டேஷ்போர்டில் ஐந்து ஓட்டையும், டேப் சுற்றிய இரண்டு கம்பியும். லோரி முன்பே போய்விட்டது. பஸ் நிறுத்தம் எதிரிலேயே இருந்தது, பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது. டிரஸ்ஸர் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பின்னாலேயே வருகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. முன் கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்து, தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டார். டிரஸ்ஸர் இன்னும் வெளியிலேயே நின்றார்.

"விளக்கு இல்லையே, சரோ."

"பிரேக் இருக்குல்ல? எடுங்க."

பின் சீட்டில் அத்தை தூங்கிவிட்டார். நான் முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அம்மா பிரேக் பிடிக்கச் சொல்லவில்லை, கழுத்தையும் திருப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு முச்சந்திக்கும், பட்டுச் சேலைக்கடியில் அவர் வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது. பின் சீட்டில் என் காலும்தான்.